பத்தொன்பது பாட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை மாத்திக் குடுத்ததுல தலைசுத்தல் நின்னுடுச்சு. நீ அங்க எப்படி இருக்கே? வேளாவேளைக்கு சாப்பிடறியா?

நீ போய் பதினோரு நாள் ஆச்சு. போன்ல மூணு தடவை பேசினோம். மூணு தடவையும் நீ "ம்ம்" போட்டதுதான் எனக்குக் கேட்டுது. அதான் கடிதம். பேப்பர்ல "ம்ம்" போட்டு ஒப்பேத்த முடியாது, நாலு வரியாவது எழுதித்தான் ஆகணும். கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற மிஷின் பக்கத்துல உக்காந்துகிட்டு எனக்கும் போன் பேசத் தோதுப்படாது. நான் போனைத் தொட்டாலே முதலாளி மூஞ்சி மாறிடுது.

பாட்டுக் கம்பெனியில கையெழுத்து போட்டாச்சா? போடறதுக்கு முன்னாடி முழுசா படிடா. வாஷிங் மெஷின் புக்கைப் படிக்காம அம்மா போர்வையைக் கைக்குட்டை சைஸுக்கு ஆக்கினவன் நீ. கீழ் வீட்டு டீச்சர் தினமும் படியில நிறுத்தி, "ரேடியோவுல எப்ப வருவான்?"னு கேக்கறாங்க. நானும் ஏதோ எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லி வைக்கிறேன்.

உடம்பைப் பாத்துக்கோ. தொண்டைக்கு ஐஸ் தண்ணி ஆகாது.

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அம்மாவோட தலைசுத்தல் நின்னது கேட்டு நிம்மதி. நீ முட்டி வலிக்கு டாக்டரைப் பாத்தியா?

கையெழுத்து போட்டாச்சு. ஆபீஸ் ஒன்பதாவது மாடியில. உள்ள போகவே கழுத்துல ஒரு அட்டை மாட்டிவிடறாங்க. ஒப்பந்தம் அறுபத்திரெண்டு பக்கம். கம்பெனியே ஒரு வக்கீலைக் குடுத்து எனக்கு விளக்கச் சொன்னாங்க. அவர் விளக்கினதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். முன்பணம் உண்டு. மூணு ஆல்பம் பண்ணணும். பதிவு பண்ணின எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். எது எப்ப வெளிய வரணும், வரணுமா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. கேட்டா உனக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துச்சு. ஆனா அவங்க ஆள்பலத்தைப் பாரு. ரேடியோவுக்குன்னே நாலு பேர், கடைகளுக்கு ஆறு பேர். நான் வகிடு எந்தப் பக்கம் எடுக்கணும்னு ஒரு மீட்டிங் நடந்துச்சு, என்னைத் தவிர எல்லாரும் பேசினாங்க.

என்னைத் தேர்ந்தெடுத்தவரை எல்லாரும் தாடின்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதறேன். கடைசில அவர் ஒரு வெள்ளைத் தாளைக் குடுத்து, நான் இதுவரைக்கும் போட்ட பாட்டை எல்லாம் எழுதச் சொன்னார். ஒப்பந்தத்தோட பின்னாடி சேக்கற பட்டியலாம். கேன்டீன்ல உக்காந்து எழுதினேன், பன்னண்டுல நின்னுடுச்சு. பக்கத்து டேபிள்ல என்னை மாதிரியே பட்டியல் எழுதிகிட்டிருந்த ஒருத்தன் அடுத்த பக்கத்துக்குத் தாவிட்டான். நானும் யோசிச்சு யோசிச்சு பத்தொன்பது வரைக்கும் கொண்டு வந்துட்டேன். தாடி பாத்துட்டு, "பரவாயில்லையே, சரக்கு இருக்கு"ன்னார். எனக்குக் கால் தரையில இல்ல.

அம்மாகிட்ட சொல்லு, நல்லா சாப்பிடறேன்னு.

உன் தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நீயும் நலமா இருக்கணும். முட்டி வலி அப்படியேதான் இருக்கு, டாக்டர் படி ஏறாதீங்கன்னார். அடிக்கடி கெட்டுப்போற லிஃப்டை நம்பி அஞ்சாவது மாடியில குடியிருந்துகிட்டு எப்படி ஏறாம இருக்கறதுன்னு அவர் சொல்லல.

இப்ப ஒரு விஷயம். சிரிக்காம படி. நீ திருப்பிக் குடுக்காம விட்டுட்டுப் போன மைக் ஸ்டாண்டைக் குடுக்க வயர் அண்ணன் ரிப்பேர் கடைக்குப் போனேன். எப்பவும் போல கழுத்துல வயரை மாலையா போட்டுகிட்டு ஏதோ சால்டரிங் பண்ணிகிட்டு இருந்தார். நான் காத்திருந்த நேரத்துல சும்மா முணுமுணுத்தேன். நிமிர்ந்து, "இது யார் பாட்டு?"ன்னார். "என்னோடது"ன்னு சொல்றதுக்குள்ள மைக் ஸ்டாண்டை ரெண்டு தடவை இடம் மாத்தி வச்சுட்டேன். நம்ம வீட்டுல அப்படிச் சொல்லிப் பழக்கமே இல்லையே. நான் முணுமுணுப்பேன், நீ கிதார்ல பிடிப்பே, நீ பாடுவே, அது நம்ம பாட்டு ஆயிடும். யார் போட்டதுன்னு யாரு எழுதி வச்சோம்?

அவர் சின்னதா சிடி போடறார்ல, அதுல என் பாட்டை என் குரல்லயே போடலாம்கறார். நாப்பத்தியொரு வயசுல. ஒப்பந்தம் ஒரே பக்கம், அதுலயும் பாதி வெறும் தாள். பதிவு எனக்கே சொந்தம். முன்பணம் கிடையாது, செலவு போக மிஞ்சினா ஆளுக்குப் பாதி. ஐநூறு காப்பி. கடை கடையா அவரே பையில போட்டுத் தூக்கிட்டுப் போவார். ரேடியோவுல வருமான்னு கேட்டேன். "ரேடியோ ரிப்பேருக்கு வரும்"ன்னார்.

எனக்கு ஆசையா இருக்குடா. சரின்னு சொல்லட்டுமா? உன் அபிப்பிராயம் எழுது.

அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா நலம்தானே?

இங்க பதிவு ஆரம்பிச்சாச்சு. வயலின்காரங்க மட்டும் பதினாலு பேர் வந்தாங்க. நான் கிதார்ல மொட்டையா வாசிச்ச ஒரு வரிக்கு அவங்க பின்னாடி சேந்தப்ப எனக்குக் கண்ணு நெறஞ்சுடுச்சு. இதெல்லாம் வயர் அண்ணன் கடையில நடக்கற காரியமா சொல்லு. தப்பா எடுத்துக்காதே, அவர் நல்ல மனுஷன்.

தாடி தினமும் வந்து கேக்கறார். ஆல்பத்துல பத்து பாட்டு. முதல்ல ரேடியோவுக்குப் போற பாட்டு எதுன்னு நாளைக்கு முடிவாகும். அதுக்குன்னு தனியா ஆறு பேரைக் கூட்டி வச்சு கேக்க வைக்கிறாங்களாம்.

உன் விஷயம் சந்தோஷம்தான். எந்தெந்தப் பாட்டைப் போடறேன்னு எழுது.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நல்லா இருக்கோம். வயலின் கதையை அம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்.

நான் கையெழுத்து போட்டுட்டேன். மூணு ஞாயிறுல பதிவும் முடிஞ்சுது. கடைக்குப் பின்னாடி பழைய மெத்தையை எல்லாம் சுவத்துல அடிச்சு ஒரு அறை. ஃபேன் சத்தம் கேக்கும்னு நிறுத்திடுவார். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள தலையிலேந்து ஊத்தும். பக்கத்துக் கடையில ஷட்டரை இழுத்தா மறுபடி முதல்லேந்து பாடணும். ரெண்டாவது ஞாயிறு மெஷின் நின்னுபோய் ஒரு நாள் வேலை அப்படியே அழிஞ்சுடுச்சு. அவர் தலையில கை வச்சு உக்காந்துட்டார். அவர் சம்சாரம்தான், "எந்திரிங்க, அவங்களுக்கு நாளைக்கு டியூட்டி இருக்கு"ன்னு எழுப்பினாங்க.

ஏழு பாட்டு. ஏழும் நான் போட்டது. சாவி பாட்டு, கியூ பாட்டு, மெழுகுவத்தி, ரெண்டு தாலாட்டு, மழைக்கோட்டு, மாடிப்படி. முதல் பாட்டு எதுன்னு அவர் என்னைத்தான் கேட்டார். மாடிப்படின்னேன். அதுல ரெண்டாவது வரி நடுவுல ஒரு நிறுத்தம் வருமே, அதை வெட்டிடலாம்னார். லிஃப்ட் கெட்டுப்போய் ரெண்டு மாசம் ஏறி இறங்கினப்ப போட்ட பாட்டு அண்ணே, மூணாவது மாடியில எனக்கு மூச்சு வாங்கும், அதை எப்படி வெட்டறதுன்னேன். விட்டுட்டார்.

ஆகஸ்ட்ல வெளிய வருது. யாரோ என்னைப் பாட்டுக்காரின்னு சொல்ற மாதிரி கனவெல்லாம் வருதுடா. சிரிக்காதே.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன்கிட்டேந்து கடிதம் வந்து ரெண்டு மாசம் ஆகுது. உடம்பு ஏதாவது சரியில்லையா? போனை எடுத்தாலும் "அப்புறம் கூப்பிடறேன்"னு வச்சுடறே. அம்மா வாசல்ல தபால்காரர் சைக்கிளைப் பாத்தாலே எழுந்திருச்சுடறாங்க.

சிடி அட்டை ஐநூறும் அச்சுக்குப் போயாச்சு. அண்ணன் சம்சாரம் மடிக்கறதுக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க. வேற ஒண்ணும் இல்ல. ரெண்டு வரியாவது போடு.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன், வேலை அதிகம், அவ்வளவுதான். அம்மாவைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. சிடியைக் கொஞ்சம் தள்ளிப் போடேன். அவசரம் என்ன? சின்ன இடத்துல போட்டா ஐநூறு பேருக்கு மேல போகாது, நல்ல பாட்டு வீணாப் போகும். போட்டே ஆகணும்னா வேற புதுசா ஏதாவது பாட்டு போடு. அந்த ஏழும் பழசுதானே. முக்கியமா மாடிப்படி வேண்டாம்.

அவசரமா எழுதறேன்.

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

அம்மா நலம். நான் நலமா இல்ல, உன் கடிதத்தால.

ஒன்பதாவது மாடிக்குப் போனா எங்க மெத்தை அறை சின்னதாத்தான் தெரியும். அதுக்காக "வீணாப் போகும்"னு எழுதுவியா? உன் பாட்டுக்கு ஊர் முழுக்க ஆள் போட்டுக் கேக்க வைக்கிறாங்க. என் பாட்டை ஐநூறு பேர் கேட்டா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு? நீ போய்ப் பெரிய ஆளா வரணும்னு நான்தானே உன்னை அனுப்பினேன். என்னைப் பாத்துக் கூச்சப்பட ஆரம்பிச்சுட்டியோன்னு நெனச்சேன், ரெண்டு நாள் சோறு இறங்கல.

புதுசா பாட்டு போடுன்னு ரொம்ப சுலபமா சொல்லிட்டே. இந்த ஏழைப் போட எனக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு. தள்ளிப்போட மாட்டேன். வேற காரணம் ஏதாவது இருந்தா அதை எழுது. இல்லேன்னா எழுதாதே.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டாதே.

உன்னைப் பாத்து எனக்குக் கூச்சம் இல்ல, பயம்தான். நான் எழுதிக் குடுத்த பட்டியல்ல பத்தொன்பது பாட்டுன்னு சொன்னேனே, அதுல என்னோடது பன்னண்டு. மிச்சம் ஏழும் உன்னோடது. எழுதறப்ப எனக்குத் திருட்டுத்தனமா தோணல, நம்ம பாட்டுதானேன்னு எழுதிட்டேன். இது பாதி உண்மை. பட்டியல் நீளமா தெரியணும்னு எழுதினேன், இதுதான் மீதி. கீழ, "இவை அனைத்தும் நானே இயற்றியவை"ன்னு அச்சடிச்சிருந்துச்சு. அதுக்கும் கையெழுத்து போட்டேன்.

என் ஆல்பத்துல பத்துல நாலு உன் பாட்டு. ஆறு பேரைக் கேக்க வச்சு, ரேடியோவுக்கு முதல்ல போகணும்னு அவங்க தேர்ந்தெடுத்தது மாடிப்படி. தாடி அந்த நிறுத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டு, "இது எப்படிய்யா உனக்குத் தோணுச்சு?"ன்னார். "சும்மா வந்துச்சு சார்"ன்னேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்னிக்காவது சொல்லியிருக்கணும். அதைப் பையிலயே வச்சுகிட்டு ரெண்டு மாசம் சுத்தினேன்.

ஆகஸ்ட் இருபது என் ஆல்பம். பட்டியல்ல இருக்கற பாட்டை எல்லாம் கம்பெனிக்குன்னு எழுதிக் குடுத்தாச்சு, அதனால அதே மாசம் உன் சிடி வந்தா அவங்க வயர் அண்ணன் மேல கேஸ் போடுவாங்க. அவங்களுக்கு வக்கீல் மட்டுமே ஒரு மாடி முழுக்க. அவர் கடையையே வித்தாலும் தாங்காது.

நண்பனுக்கு நடந்ததுன்னு சொல்லி ஒரு வக்கீல்கிட்ட கேட்டேன். அந்தப் பாட்டை எல்லாம் முன்னாடியே தம்பிக்குக் குடுத்துட்டதா அக்கா எழுதிக் குடுத்தா பிரச்சினை இல்லைன்னார். எழுதி இதோட வச்சிருக்கேன். தேதி ஜனவரின்னு போட்டிருக்கேன். நீ கையெழுத்து போட்டா எல்லாம் சரியாயிடும். உன் சிடியைத்தான் விடணும். அடுத்த ஆல்பத்துல உன்னையும் பாட வைக்கச் சொல்றேன், சத்தியமா.

என்னை மன்னிச்சுடு அக்கா.

தம்பி


ஜூலை 22

தம்பிக்கு,

அம்மா நல்லா இருக்காங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது.

நான் கையெழுத்து போட மாட்டேன். உன் தாளை இதோட திருப்பி அனுப்பறேன்.

படிச்சதும் முதல்ல பேனாவைத்தான் தேடினேன், அதை உன்கிட்ட மறைக்கல. உனக்குன்னா யோசிக்காம குடுத்துப் பழகின கை. பேனாவைத் திறந்துட்டு, தேதியைப் பாத்தேன். ஜனவரி. ஜனவரியில நீ கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்டா. ஏழையும் குடுத்திருப்பேன், ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அப்ப எனக்கு அது என்னோடதுன்னே தெரியாது. இப்ப தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி எழுதிக் குடுக்க எனக்கு வரல.

நான் உன் கம்பெனிக்குப் போன் பண்ண மாட்டேன், யார்கிட்டயும் உன்னைப் பத்தி சொல்லவும் மாட்டேன். வயர் அண்ணன்கிட்ட மட்டும் விஷயத்தைச் சொன்னேன், கேஸ் வந்தா விழறது அவர் தலையில. கொஞ்ச நேரம் வயரைச் சுருட்டிகிட்டே இருந்தார். "ஆகஸ்ட் கடைசி வரைக்கும் காத்திருக்கேன். அப்புறம் உங்க இஷ்டம். போடுன்னா போடறேன்"ன்னார்.

கம்பெனியில போய்ச் சொல்றதுன்னா நீதான் சொல்லணும். உன் ஆல்பம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் எழுதறேன்.

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்காங்க? உன் முட்டி?

உன் கடிதம் கிடைச்சப்புறம் ஒன்பது நாள் நான் ஒண்ணுமே பண்ணல. பண்ணாம இருந்தா தானா ஏதாவது நடக்கும்னு இருந்தேன். பத்தாவது நாள் ரேடியோவுக்கு அனுப்பற பெட்டியில பேர் ஒட்டிகிட்டு இருந்தாங்க. மாடிப்படி, இயற்றியவர்னு போட்டு என் பேர். நேரா தாடி அறைக்குப் போய்ச் சொல்லிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்த நிறுத்தம்?" அக்காவுக்கு மூச்சு வாங்கினது சார்ன்னேன். சிரிக்க ஆரம்பிச்சார், பாதியில நிறுத்திட்டு வக்கீலைக் கூப்பிட்டார்.

அவங்க கத்தல, மரியாதையாத்தான் பேசினாங்க. பொய்க்குக் கையெழுத்து போட்டதால ஒப்பந்தம் ரத்து. எனக்கு உரிமை இல்லாததை நான் குடுத்தது செல்லாது, அதனால உன் ஏழும் பட்டியல்லேந்து அடிச்சாச்சு. வயர் அண்ணனுக்கும் எழுத்துல அனுப்பிட்டாங்க, அவர் சொல்லியிருப்பார். பதிவான பத்தும் அவங்க அலமாரியிலேயே இருக்கும், வெளிய வராது. அதுல இருக்கற என் ஆறு பாட்டையும் அஞ்சு வருஷத்துக்கு நான் வேற எங்கயும் பதிவு பண்ணக் கூடாது. முன்பணத்தைத் திருப்பிக் கேக்கல. கழுத்து அட்டையைக் கழட்டி வாங்கிட்டாங்க. தாடி லிஃப்ட் வரைக்கும் வந்து, "முதல் நாளே சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் எடுத்திருப்பேன்"ன்னார். அதுதான் இன்னும் நெஞ்சுல நிக்குது.

இப்ப விழாவுக்கெல்லாம் ஸ்பீக்கர் வாடகைக்குக் குடுக்கற இடத்துல இருக்கேன். தூக்கற வேலை, நல்லா பசிக்குது. உன் சிடியைக் கேட்டு வயர் அண்ணனுக்கு எழுதினேன். எல்லாரையும் போல காசை அனுப்புன்னு பதில் போட்டார். அனுப்பினேன், வந்துச்சு. அறையில கூட இருக்கறவன்கிட்ட சிடி பிளேயரை வாங்கிக் கேட்டேன். கம்பெனி ஆல்பத்துல மாடிப்படிக்கு பதினாலு வயலின் இருந்துச்சு. ஆனா நான் அந்த நிறுத்தத்துல சும்மா நிறுத்தறேன் அக்கா. நீ நின்னு மூச்சு விடறே. முதல்ல வெக்கமா இருந்துச்சு, அப்புறம்தான் பெருமையா இருந்துச்சு.

ஊருக்கு வர எனக்கு மூஞ்சி இல்ல. அதான் வரல.

தம்பி


அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். லிஃப்ட் மறுபடி கெட்டுப்போச்சு, அதனால முட்டியைப் பத்திக் கேக்காதே.

நீ போய்ச் சொல்லிட்டேன்னு வயர் அண்ணன் காட்டின கம்பெனிக் கடிதத்துலதான் தெரிஞ்சுது. கடைப் பின்கட்டுல உக்காந்து அழுதேன். எனக்குக் கிடைச்சதுக்கும் உனக்குப் போனதுக்கும் சேத்துத்தான். கையெழுத்து போட்டிருக்கலாமோன்னு இன்னும் சில நாள் தோணும். அப்புறம் இல்லன்னு தோணும். ரெண்டையும் உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல?

சிடி நூத்தி அறுபது போயிருக்கு. மிச்சம் அண்ணன் கட்டிலுக்கு அடியில இருக்கு. கீழ் வீட்டு டீச்சர் ரெண்டு வாங்கிட்டு, என்னை நிறுத்தாம படியில வழி விட்டுப் போனாங்க.

முந்தாநாள்தான் அம்மா உக்காந்து முழுசா கேட்டாங்க. ஏழும் முடிஞ்சதும், "தம்பி பாட்டை நீயும் நல்லாத்தான் பாடறே"ன்னாங்க. இத்தனை வருஷம் அடுப்படியிலேந்து நீ பாடித்தானே கேட்டிருக்காங்க. என் பாட்டுன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்ன நான், அம்மாகிட்ட சொல்லத் திணறிட்டேன். "இது ஏழும் நான் போட்டதும்மா"ன்னேன். அட்டையைத் திருப்பி, எழுத்து எழுத்தா என் பேரைப் படிச்சாங்க. அட்டையை மடியில வச்சுகிட்டாங்க. அப்புறம், "அப்ப அவன் பாட்டு எது?"ன்னு கேட்டாங்க.

உன் பன்னண்டும் எனக்கு மனப்பாடம். நான் பாடிக் காட்டியிருக்கலாம், ஆனா பாடல. அதுல ஆறு பாட்டுக்கு அஞ்சு வருஷம் பதிவு பண்ணத்தான் தடை. அம்மா எதிர்ல உக்காந்து பாடறதை யாரும் தடுக்கல. ஞாயித்துக்கிழமை வா. "வந்து அவனே சொல்லுவான்"னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

அக்கா